கடைசியா நின்ன பெட்டி

அந்தச் சிவப்புத் துணியைக் கட்டாதீங்க தம்பி. ஒரு பிரயோஜனமும் இல்ல. இங்க பெட்டி தூக்கிட்டு வர்ற ஒவ்வொருத்தனும் சிவப்புத் துணிதான் கட்டுறான். ரிப்பன், கயிறு, பொண்டாட்டி புடவையில கிழிச்ச முந்தானை, எல்லாம் சிவப்பு. அங்க போய் எறங்கி பெல்ட்டு முன்னாடி நிக்கிறப்பதான் தெரியும், அத்தனை பெட்டியும் வேண்டுதலுக்குக் கட்டின மாதிரி வரிசையா வரும். அடையாளம்னா அடுத்தவன்கிட்ட இல்லாததா இருக்கணும். அதைக்கூட யோசிக்காத ஜனங்கதான் கடல் தாண்டிப் போறாங்க.

உக்காருங்க. உங்க ஃப்ளைட்டுக்கு இப்ப உள்ள விடமாட்டான். வாசல்ல துப்பாக்கியோட நிக்கிறானே, அவன்கிட்ட கேட்டா இந்தியில ஏதோ சொல்லுவான். புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டுத் திரும்பி வரணும். இந்த பெஞ்சுலயே உக்காந்துக்கலாம், நிழலாவது இருக்கு.

என் பேரு வைத்தியலிங்கம். கவர்மென்ட்டுல சூப்பிரண்டென்டா இருந்து ரிட்டயர் ஆனவன். வயலூர் ரோட்டுல சொந்த வீடு. நான் இன்னிக்கு எங்கயும் போகல. ஒருத்தனை ஏத்திவிட வந்தேன். வந்தேன்னு இல்ல, வர வேண்டியதாப் போச்சு. அது கிடக்கட்டும். பெட்டி விஷயத்தைக் கேளுங்க, உங்களுக்கு உதவும்.

கவுன்ட்டர்ல பெட்டியக் குடுத்துட்டீங்கன்னா அதோட அது உங்க பெட்டி இல்ல. அந்தப் பொண்ணு ஒரு சீட்டைச் சுத்தி ஒட்டுவா, சிரிப்பா. பெல்ட்டு இழுத்துட்டுப் போய் ரப்பர்த் தொங்கலுக்குள்ள தள்ளிடும். அதுக்கப்புறம் அது எங்க போவுது, யாரு தொடுறா, எதுக்கு அடியில கிடக்குது, ஒண்ணும் உங்களுக்குத் தெரியாது. சிங்கப்பூர்ல நான் ஜன்னல் வழியா என் கண்ணால பார்த்தேன். வண்டியிலேர்ந்து எடுத்து எடுத்து வீசுறானுங்க. நெல்லு மூட்டையைக்கூட நம்ம ஊர்ல அதைவிட மரியாதையா எறக்குவான்.

போன வருஷம் மெல்போர்ன்லேர்ந்து திரும்பி வந்தப்ப நடந்தது இது. என் பையன் பரணிதரன் அங்க இருக்கான். பெரிய வேலை. என் வீட்டுக்காரி லோகாம்பாள் தவறிப்போன கையோட, அப்பா இனிமே தனியா இருக்க வேணாம், இங்கயே வந்துடுங்கன்னு கூப்பிட்டான். நானும் அரைகுறையாப் போகல. இனிமே அங்கதான்னு தீர்மானம் பண்ணிக்கிட்டு, என் காபி டபரா, தலகாணி உறை, லோகா வச்சிருந்த வெங்கலக் குத்துவிளக்கு, எல்லாம் எடுத்துட்டுப் போனேன். அவளோட படத்தையும் எடுத்துட்டுப் போனேன். கல்யாணமாகி வந்த புதுசுல ஸ்டூடியோவுல எடுத்த படம், பெரிசு பண்ணி ஃப்ரேம் போட்டது. பரணி வீட்டு ஹால்ல, டிவிக்கு மேல, நானே நின்னு மாட்ட வச்சேன். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு மருமக சுவாதி சொன்னா. அடிக்காம படம் எப்படி நிக்கும்?

ஒரு குளிர்காலம் பூரா இருந்தேன். அதெல்லாம் ஒரு ஊரா தம்பி? தெருவுல மனுஷனே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் நாயைக் கூட்டிக்கிட்டுப் போறான், நாயிகிட்ட பேசுறான், நம்மகிட்ட கையை மட்டும் ஆட்டுறான். வீட்டுக்குள்ள பார்த்தா அதுக்கு மேல. தாளிச்சா மணி அடிக்கிற மிஷினு ஒண்ணு கூரையில வச்சிருக்காங்க. பேத்திக்குத் தமிழ் வராது. நான் ஒண்ணு சொன்னா அது அம்மாவைப் பார்க்கும்.

எனக்குப் பிடிக்கல. நானாத்தான் கிளம்பினேன். அதாவது, பரணி சொன்னான், வீடு பூட்டிக் கிடக்குதே, ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்களேன்னு. டிக்கெட்டு ஏற்கெனவே போட்டு வச்சிருந்தான். எப்பவும் முன்யோசனை உள்ள பையன். திரும்பி வர்ற டிக்கெட்டை அப்புறமாப் போட்டுக்கலாம்னான். ஆனா முடிவு எடுத்தது நான்தான். குளிருக்குன்னு வாங்கின பெரிய கோட்டை அலமாரியில பின்பக்கமா மாட்டிட்டு, அடுத்த தடவை வந்தா இது வேணும்னு சுவாதிகிட்ட சொல்லிட்டுத்தான் குளிக்கப் போனேன்.

பெட்டி கட்டினது சுவாதி. எனக்கு அந்த வேலையெல்லாம் தெரியாது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து லோகாதான் கட்டுவா. நான் ஆபீஸ் வேலையா மெட்ராஸ் போனாலும் அவதான். அவளுக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான், நாலு பேர் இருந்தா வாயைத் திறக்க மாட்டா. சுவாதியும் சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் கட்டினா, ரூம் கதவைச் சாத்திக்கிட்டு. நீலக் கலர்ப் பெட்டி. கைப்பிடியில சிவப்பு ரிப்பன். ஜிப்புல ஒரு பிளாஸ்டிக் கட்டு போட்டு, அப்பா, வீட்டுக்குப் போய்த்தான் திறக்கணும், வழியில திறந்தா மூட வராதுன்னா. எனக்கு எதுக்குத் திறக்கணும்? பாப்பா தூங்குதுன்னு ஹால்ல லைட்டுகூடப் போடாமத்தான் கிளம்பினோம்.

சிங்கப்பூர் வரைக்கும் ஒண்ணும் குத்தம் சொல்ல முடியாது. அங்கேர்ந்து திருச்சிக்கு வர்ற ஃப்ளைட்டு இருக்கே, அதுல போயிருக்கீங்களா? அது ஃப்ளைட்டு இல்ல தம்பி, அறந்தாங்கி பஸ்ஸு. றெக்கை வச்சிருக்காங்க. பூரா கட்டட வேலைக்குப் போனவனுங்க. உக்காந்த உடனே ஒருத்தன் தைலத்தைத் திறந்தான். ஒருத்தன் ஊர்ல இருக்கிறவன்கிட்ட போன்ல, ஏறிட்டேன் ஏறிட்டேன்னு கத்துறான், அவன் பொண்டாட்டிக்குக் காது கேக்காது போலிருக்கு. சக்கரம் தரையைத் தொட்ட உடனே அத்தனை பேரும் எந்திரிச்சு நிக்கிறான். கதவு திறக்கல, படி வரல, நிக்கிறான்.

எனக்கு வீல்சேர் போட்டிருந்தான் பரணி. காலுக்கு ஒண்ணுமில்ல. வீல்சேர் இருந்தா வரிசையில நிக்க வேண்டாம், அவ்வளவுதான். தள்ளுறவன் இமிகிரேஷன்ல எல்லாரையும் தாண்டிக் கொண்டுபோய் பெல்ட்டு முன்னால நிறுத்திட்டான். மத்தவனெல்லாம் பின்னாடி வரிசையில நெருக்கிக்கிட்டுக் கிடந்தான். பெல்ட்டு ஓட ஆரம்பிச்சுது. நீலப் பெட்டி, சிவப்புத் துணி. நான் வீல்சேரிலேர்ந்து எறங்கிப் போய் எடுத்தேன். முன்னாடி ஒருத்தன் நின்னான், அவனைக் கொஞ்சம் நகத்திட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பேரைப் பார்த்தீங்களான்னு கேக்காதீங்க. கண்ணாடி கைப்பையில இருந்துச்சு. பேரைப் படிச்சுப் பார்த்து எடுக்கிறதுக்கு அது என்ன பத்திரமா?

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், பெட்டியைச் சணல் போட்டுக் கட்டியிருக்கு. எவனோ கஸ்டம்ஸ்காரன் கட்டை வெட்டிட்டு, பெரிய மனுஷன் பெட்டின்னு பயந்து சணலால கட்டி அனுப்பிட்டான்னு நினைச்சேன். கத்தரிக்கோலால வெட்டினேன். மூடியைத் தூக்கினா தைல வாடை. மேல ஒரு கம்பளி. அதுக்கடியில சோப்பு, சோப்பு, சோப்பு. எங்க ஊர்ல சோப்பு கிடைக்காதா? பால் பவுடர் டின்னு, சாக்லேட்டு, டார்ச் லைட்டு, துண்டு. பிளாஸ்டிக் கவர்ல சுத்தின ஒரு ஜோடி பூட்ஸ், அதுல சிமென்ட்டு காஞ்சு ஒட்டியிருக்கு. அதைக் கழுவிக்கூட எடுத்து வைக்கத் தோணல.

அப்புறம் கவுனு. சின்னப் பிள்ளைங்க போடுற கவுனு. அதை எப்படிச் சொல்றது உங்களுக்கு? கைக்குழந்தைக்குப் போடுற அளவுல ஒண்ணு. அதுக்கு மேல கொஞ்சம் பெரிசு. அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் பெரிசு. அப்படியே ஏறிக்கிட்டே போவுது, பள்ளிக்கூடம் போற பிள்ளை போடுற அளவு வரைக்கும். எல்லாம் புதுசு, சீட்டுகூடக் கிழிக்கல. சின்னதுங்க மட்டும் மடிப்புல மஞ்சப் பூத்திருக்கு. அறிவுகெட்டவன். வாங்கினா அந்தந்த வருஷம் அனுப்பியிருக்கணும், இல்லேன்னா வாங்காம இருந்திருக்கணும். போட முடியாத உடுப்பை யாராவது பூட்டி வச்சு விமானத்துல தூக்கிட்டு வருவானா? எல்லாத்தையும் அள்ளித் திரும்ப உள்ள போட்டு மூடினேன்.

என் பெட்டியை எவனோ திருடிட்டான்னு ஏர்போர்ட்டுக்குப் போன் பண்ணேன். ஒரு பொண்ணு எடுத்தா. நான் சத்தம் போட்டதைப் பூராக் கேட்டுட்டு, ஐயா, உங்க கையில இருக்கிற பெட்டியில என்ன பேர் ஒட்டியிருக்குன்னு படிங்கன்னா. கண்ணாடி போட்டுப் பார்த்தா, அடைக்கலம்னு போட்டிருக்கு. அப்படின்னா நீங்கதான் மாத்தி எடுத்துட்டுப் போயிருக்கீங்கங்கிறா. பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா அது? நான் சொன்னேன், நான் எடுத்தது இருக்கட்டும்மா, அவன் என்னுதை எடுத்தானே, அதைக் கேளுன்னு. அவர் கடைசியா வந்திருக்கார், பெல்ட்டுல அந்த ஒரு பெட்டிதான் நின்னுருக்குன்னா. கடைசியா நின்னா எடுத்துடுறதா?

அந்த அடைக்கலத்துக்கு ஊரு கீரமங்கலத்துக்குப் பக்கம். பூ விளையுற ஊரு. அவன்கிட்ட போன்ல சொல்லியிருக்காங்க, பெட்டியை ஏர்போர்ட்டுக்குக் கொண்டு வாங்க, அவரும் கொண்டு வருவாருன்னு. வயசானவரை அலைய விட வேணாம், வீட்டுக்கே கொண்டுபோய்க் குடுத்துடுறேன்னு அட்ரஸ் வாங்கியிருக்கான். எனக்கென்ன வயசு? அவனைவிட வேகமாப் பெட்டி எடுத்தவன் நானு.

மறுநாளு வந்தானுங்க. பஸ்ஸுல. அவன் மட்டும் வந்தாப் போதாதா? பொண்டாட்டி இளஞ்சியம், ஆறேழு வயசுப் பொண்ணு ஒண்ணு, பேரு யோகஸ்ரீ. கீரமங்கலத்துல ஸ்ரீ. அவன் வெயில்லயே வெந்த ஆளு, என் பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு வர்றான். சக்கரம் எதுக்கு வச்சிருக்கான்? கேட்டா, ரோடு மோசமா இருந்துச்சு, அய்யா, தேஞ்சிடுமேன்னு தூக்கிட்டு வந்தேங்கிறான்.

இளஞ்சியம் மடியில ஒரு பொட்டலம் வச்சிருந்தா. ஈரத் துண்டு சுத்தினது. என்னமோ தின்பண்டம் கொண்டாந்திருக்கா, வாங்கிக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அவ அதைப் பிரிச்சா. உள்ள லோகா.

ஆமா. படம். சம்பங்கி மாலை போட்டு, நெத்தியில குங்குமம் வச்சு. அவ அதை ரெண்டு கையாலயும் பிடிச்சு என்கிட்ட நீட்டினா.

யாரைக் கேட்டுடி பெட்டியைக் குடைஞ்சேன்னு கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், டீ போட்டுத்தான். அவ பயப்படல. மெதுவாத்தான் சொன்னா.

"எங்க பெட்டின்னு நினைச்சுத்தான் திறந்தோம்யா. அம்மா செருப்புக்கு நடுவுல கிடந்தாங்க. பார்த்துட்டு மூடி வைக்க மனசு வரல. எங்க சாமி பக்கத்துல வச்சு விளக்கேத்தினேன்."

நான் சொன்னேன், இந்தப் படம் இங்க இருக்க முடியாது, இது மெல்போர்ன்ல என் மகன் வீட்டு ஹால்ல மாட்டியிருக்குன்னு. அவ புருஷனைப் பார்த்தா. அவன் தரையைப் பார்த்தான். அவகிட்ட விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க எனக்கென்ன தலையெழுத்து? பெட்டியைத் திறந்தேன். காபி டபரா இருந்துச்சு. தலகாணி உறை இருந்துச்சு. குத்துவிளக்கு துணியில சுத்தி இருந்துச்சு. அலமாரியில பின்பக்கமா மாட்டின கோட்டும் இருந்துச்சு, நாலா மடிச்சு. ஒரு சாக்ஸ் பாக்கி இல்ல. சுவாதி அவ்வளவு சுத்தமாக் கட்டியிருக்கா.

படிக்காத பொம்பளை சும்மா இருப்பாளா? கேக்குறா, "அய்யா திரும்பி அங்க போகலீங்களா?"

அவளுக்கு என்ன தெரியும் தம்பி? அங்க வீட்டுக்கு பெயின்ட்டு அடிக்கப் போறாங்க. பெயின்ட்டு அடிச்சா எல்லாத்தையும் எடுத்துத்தானே ஆகணும்? கறை படக்கூடாதுன்னு படத்தை என்கூட அனுப்பியிருப்பான் பரணி. அதை அவகிட்டயும் சொன்னேன். சரிங்கய்யான்னா. அந்த சரிங்கய்யாவே எனக்குப் பிடிக்கல.

அவங்களைச் சீக்கிரமா அனுப்பிடணும்னு, உன் பெட்டியைத் திறந்து சரிபார்த்துக்க, நாளைக்கு அதைக் காணோம் இதைக் காணோம்னு வந்து நிக்கக் கூடாதுன்னு அடைக்கலத்துகிட்ட சொன்னேன். பரவால்லீங்கன்னான். திறந்துதான் ஆகணும்னேன். என் ஹால்லயே உக்காந்து திறந்தான். நான் அள்ளிப் போட்ட கவுனெல்லாம் கசங்கிக் கிடந்துச்சு. இளஞ்சியம் ஒண்ணொண்ணா எடுத்தா. அவளுக்கே தெரியாதாம் அவன் வாங்கி வச்சிருந்தது. என்னாங்க இதுன்னு கேட்டா. அவன் பிள்ளைக்கு ஒவ்வொரு பொறந்த நாளைக்கும் ஒண்ணு வாங்கியிருக்கான். பிள்ளை பொறக்கிறதுக்கு முன்னாடியே விமானம் ஏறினவன். நடுவுல வரவே முடியல. அனுப்பியிருக்கலாமேன்னு அவ கேட்டா.

"என் கையால போட்டுவிடணும்னு இருந்தேன்டி," அப்படின்னான்.

இதுல பெருமை வேற. அந்தப் பொண்ணு இருக்கே, யோகஸ்ரீ, அது கவுனைத் தரையில வரிசையா அடுக்கிச்சு. அப்புறம் எல்லாத்தையும் போட்டுப் பார்க்கணும்னுச்சு. பெரிசு சரியா இருந்துச்சு. அதுக்கு அடுத்தது முட்டிக்கு மேல நின்னுச்சு. அதுக்கும் அடுத்தது தலையில மாட்டிக்கிச்சு. கைக்குழந்தை கவுன்ல ஒரு கையை மட்டும் விட்டுக்கிட்டு, அப்பா இது சரியா இருக்குதுன்னு காட்டுச்சு. அவன் அந்தக் கவுனோட பித்தானைப் போட்டுவிட்டான், ஒரு கையில தொங்கிக்கிட்டிருந்த கவுனுக்கு. இளஞ்சியம் சுவத்துப் பக்கமாத் திரும்பிக்கிட்டா. அந்நிய வீட்டுல வந்து இப்படியா நடந்துக்குவாங்க? நாற்காலியில லோகா படம் வேற இருந்துச்சு, மாலையும் பொட்டுமா, இதையெல்லாம் பார்த்துக்கிட்டு. அவளா இருந்தா காபி போட எழுந்து போயிருப்பா. அவளுக்கு இந்த மாதிரி ஜனங்கன்னா உயிரு. நான்தான் போட்டேன். பால் கொஞ்சம் அடிபிடிச்சிருந்துச்சு. குடிச்சாங்க.

அவங்க போனப்புறம் பரணிக்குப் போன் போட்டேன். படம் என்கூட வந்துடுச்சேப்பான்னேன். அவன் சொன்னான், பாப்பா அந்தப் படத்தைப் பார்த்துப் பயப்படுறாப்பா, அம்மா உங்ககூட இருந்தாத்தான் நல்லதுன்னு சுவாதிக்குத் தோணுச்சுன்னு. கோட்டும் வந்துடுச்சேன்னேன்.

"அதை அங்க யாருக்காவது குடுத்துடுங்கப்பா," அப்படின்னான்.

பாருங்க, எவ்வளவு தாராளம். அடுத்த தடவை போறப்ப புதுக் கோட்டா வாங்கித் தந்துடுவான். பழசை எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையணும்னு யோசிச்சிருக்கான். பெயின்ட்டு விஷயத்தை நான் கேக்கல. அவனுக்கு ஆபீஸ் நேரம். அதுக்கப்புறம் அவனுக்கு வேலை ஜாஸ்தி, நானும் தொந்தரவு பண்றதில்ல.

இதோட விட்டுச்சா சனியன்னு பார்த்தா, விடல. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில ஒரு போன். இளஞ்சியம். அய்யா, அம்மாவுக்குப் பூ குடுத்து விட்டிருக்கேன், பஸ்ஸுல, கண்டக்டர்கிட்ட, பஸ் ஸ்டாண்டுல போய் வாங்கிக்கங்கங்கிறா. நான் கேட்டேனா? அதுக்காகப் பூவைத் தூக்கிப் போடவா முடியும்? போய் வாங்கிட்டு வந்தேன். வாழை இலையில கட்டி, தண்ணி தெளிச்சு, அதுபாட்டுக்கு ஒரு முழத்துக்குப் பதிலா படத்தைச் சுத்தி ரெண்டு சுத்து வர்ற அளவுக்கு. அதுக்கு அடுத்த வெள்ளியும் வந்துச்சு. அப்புறம் எல்லா வெள்ளியும். இப்ப வெள்ளிக்கிழமை வேற ஒரு வேலை வச்சுக்க முடியல தம்பி. விடியக் குளிச்சுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டியிருக்கு. அந்தக் கண்டக்டர் இருக்கானே, ஒருநாள் நான் பத்து நிமிஷம் லேட்டு, என்ன தாத்தா, ஆத்தாளைக் காக்க வைக்கிறீங்கன்னு பஸ் பூராக் கேக்குற மாதிரி கேக்குறான். நடுவுல ஒரு வெள்ளிக்கிழமை பூ வரல. மழை. நான் ரெண்டு பஸ் பார்த்துட்டு, அவளுக்குப் போன் போட்டுத் திட்டினேன். ஒரு பொறுப்பு வேணாமா?

கோட்டு? அவளுக்குத்தான் குடுத்தேன். வேற யாரு கேட்டா? மார்கழிப் பனியில பூ பறிக்கப் போறப்ப போட்டுக்கிறாளாம். கணுக்கால் வரைக்கும் தொங்குது. ஊர்ல இருக்கிற ஆடெல்லாம் மிரண்டு ஓடுதாம். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா, பாருங்க. இதான். மெல்போர்ன்ல பெரிய கடையில வாங்கின கோட்டு, சம்பங்கித் தோட்டத்துல நிக்கிற லட்சணத்தைப் பாருங்க. சிரிக்கிறா பாருங்க வேற. பேத்தி போட்டோ? அது இந்த போன்ல இல்ல. அவங்க அனுப்புறது வேற ஒரு ஆப்புல, அது எனக்குத் திறக்க வராது.

இப்ப அடைக்கலம் மறுபடி கிளம்பிட்டான். இங்க இருந்து பூ பறிச்சுக் கிடக்க வேண்டியதுதானேன்னேன். கேக்கல. அதே கம்பெனியாம், அதே கட்டட வேலையாம். ஏத்திவிட வந்தேன்னு சொன்னேனே, அவனைத்தான். இவங்களா வந்தா வர்ற வாசலுக்கும் போற வாசலுக்கும் வித்தியாசம் தெரியாம நிப்பாங்க. நேத்தே என் வீட்டுக்கு வரச் சொல்லி அவன் பெட்டியைப் பிரிச்சுத் திரும்ப அடுக்க வச்சேன். ஊறுகாய் பாட்டிலைச் சட்டைக்கு நடுவுல வச்சிருந்தான், மடையன். பெட்டி மூடியில அவன் பேரை வெள்ளை பெயின்ட்டுல எழுதினேன், ஒரு சாண் உயரத்துக்கு. தூரத்துலேர்ந்தே தெரியும். எவனாவது எடுத்துட்டுப் போயிடுறானே, கண்ணு தெரியாம.

யோகஸ்ரீயை எங்க வீட்டுல, பக்கத்து வீட்டுக்காரம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கோம். வந்தா அழும்னு. பிள்ளை என்னைக் கூப்பிடுற பேரு தெரியுமா? பெட்டித் தாத்தா. யாரு சொல்லிக் குடுத்தான்னு விசாரிச்சேன், ஒருத்தரும் ஒத்துக்கல. இன்னிக்கு ராத்திரி அவங்க அம்மாவும் பிள்ளையும் எங்க வீட்டுலதான் தங்கல். அப்பன் போன அன்னிக்கே ஊருக்குப் போனா வீடு வெறிச்சுன்னு கிடக்கும். அதுக்காகன்னு இல்ல, அந்த நேரத்துக்கு கீரமங்கலம் பஸ் கூட்டமா இருக்கும், அதான்.

உங்க கதவைத் திறந்துட்டான் போலிருக்கு, வரிசை நகருது. போங்க தம்பி. டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் கையில எடுத்து வச்சுக்கங்க, அங்க போய் நின்னு துழாவாதீங்க.

அதோ, அந்தக் கண்ணாடிகிட்ட பச்சைப் புடவையில ஒருத்தி நெத்தியை முட்டிக்கிட்டு நிக்கிறா பாருங்க. அவதான் இளஞ்சியம். அவன் உள்ள போய் எவ்வளவு நேரமாச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்ப யாரோ தரை துடைக்கிறான், அவ்வளவுதான். இவ இன்னும் கையை ஆட்டிக்கிட்டிருக்கா. புத்தி இருந்தா ஆட்டுவாளா? கூப்பிட்டா வரமாட்டா, அவ குணம் எனக்குத் தெரியும். ஒண்ணும் சொல்லாம பக்கத்துல போய்க் கொஞ்ச நேரம் நிக்கணும். அப்புறம் அவளா வருவா.